ராஜ் கௌதமன்: தமிழிலக்கியம் முழுவதையும் கேள்விக்கு உட்படுத்திய பேராசிரியர்

2024 நவம்பர் 13 அன்று ராஜ் கௌதமன் மறைந்தார். அவருக்கு எழுதப்பட்ட அஞ்சலிகள் பலவற்றில் 'தலித் ஆய்வாளர்', 'தலித் எழுத்தாளர்' என்னும் அடைமொழிகள் அவரது பெயருக்கு முன் வந்து நின்றன. அந்த அடைமொழிகளில் பிழை எதுவும் இல்லை. அவற்றை அவர் மறுத்தவரும் அல்லர். ஆனால் சங்கப் பாடல்கள், தொல்காப்பியம், நீதி நூல்கள், வள்ளலார், அ. மாதவையா, அயோத்திதாசர், புதுமைப்பித்தன், சுந்தர ராமசாமி என ஈராயிரம் ஆண்டுத் தமிழ் எழுத்தின் மீது தனித்தனி நூல்கள் எழுதிய ஒருவரை 'தலித் இலக்கியம்' என்னும் ஒரே அலமாரியில் வைத்துவிட்டால், எஞ்சிய அலமாரிகள் எல்லாம் யாருக்கு உரியவை என்னும் வினா எழுகிறது. தமிழ் முதுகலை வகுப்புகளில் சேரும் தலித் மாணவருக்கு ஆய்வுத் தலைப்பாகத் தலித் சிறுகதைகளையும் தன்வரலாறுகளையும் பரிந்துரைப்பதும், புறநானூற்றையும் தொல்காப்பியத்தையும் வேறொருவருக்கு ஒதுக்குவதும் நாம் அறிந்த நடைமுறையே. அந்த ஒதுக்கீட்டை ராஜ் கௌதமன் தம் வாழ்நாள் முழுவதும் ஏற்கவில்லை. அவரது வாழ்வையும் பணியையும் இந்தக் கோணத்திலிருந்து விளக்க இங்கு முயல்கிறோம்.

அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில், 1950இல் அவர் பிறந்தார். இயற்பெயர் புஷ்பராஜ். கத்தோலிக்கக் குடும்பம், தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். 1992இல் 'கருக்கு' நூலை வெளியிட்டுத் தமிழ் உரைநடையின் திசையையே மாற்றிய பாமா இவருடைய தங்கை. ஒரே வீட்டிலிருந்து ஒரு தன்வரலாற்றாளரும் ஒரு திறனாய்வாளரும் வந்தார்கள் என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறு இன்னும் போதிய அளவு யோசித்துப் பார்க்கவில்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் அவர் முதலில் படித்தது விலங்கியல். தமிழுக்கு அதன் பின்னரே வந்தார். புலவர் மரபின் பயிற்சி வழியாக அன்றி, உயிரினங்களை வகைப்படுத்தும் அறிவியல் வழியாகத் தமிழுக்குள் நுழைந்தவர் என்பது அவரது நூல்களின் நடையில் தெரியும். இலக்கியத்தின் முன் கைகூப்பி நிற்கும் பழக்கம் அவரிடம் இல்லை. மேசை மீது கிடத்தி, அறுத்து, இது எந்தச் சூழலில் வளர்ந்தது, எதை உண்டு வாழ்ந்தது என்று கேட்பவர் அவர். பின்னர்ப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அரசுக் கல்லூரிகளில், காரைக்காலிலும் புதுச்சேரியிலுமாக, தமிழ்ப் பேராசிரியராகப் பணிபுரிந்து 2011இல் ஓய்வு பெற்றார். அதன் பின் திருநெல்வேலியில் வாழ்ந்தார்.

சான்றிதழும் சரித்திரமும்

அவர் பிறந்த 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளியானது. இந்து மதம் தவிர்த்த பிற மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று அதன் மூன்றாம் பத்தி கூறுகிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது தளர்த்தப்பட்டது. கிறித்தவ, இசுலாமியத் தலித்துகளுக்கு இன்றுவரை தளர்த்தப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவரான பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். சேரியில் பிறந்து, சேரியின் வசவுகளைக் கேட்டு வளர்ந்து, கோவில் தெருவிலும் தேவாலய இருக்கையிலும் சாதியை அனுபவித்த ஒருவர் சான்றிதழில் மட்டும் வேறொருவராகிவிடுகிறார்.

இந்தச் சட்டச் சிக்கலை அதன் அபத்தம் முழுவதோடும் பதிவு செய்த தமிழ் நாவல், 2002இல் வெளிவந்த அவரது 'சிலுவைராஜ் சரித்திரம்'. ஆசிரியரின் சொந்த வாழ்வோடு நெருங்கிய தன்வரலாற்று நாவல் அது. கிராமத்துக் கத்தோலிக்கச் சிறுவன் சிலுவைராஜ் விடுதியிலும் கல்லூரியிலும் வளர்கிறான். படித்து முடித்த பின் வேலையின்றி அலைகிறான். இறுதியில் வேலைக்கான சான்றிதழின் பொருட்டு இந்துவாக மாறுகிறான். இதைக் கண்ணீரோடு எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் அதனை இன்னும் விரைவாக வரவேற்றிருக்கும். ராஜ் கௌதமன் சிரித்துக்கொண்டே எழுதினார். அந்தச் சிரிப்பு முதலில் தன் மீதும், பிறகு குடும்பம், பாதிரிமார், பேராசிரியர்கள், கட்சிக்காரர்கள், அரசு அலுவலகங்கள் என எல்லோர் மீதும் பரவுகிறது. தலித் எழுத்து என்றால் துயரப் பதிவு என்று எதிர்பார்க்கும் வாசகர் இந்நாவலின் முன் சற்றுத் தடுமாறுவார். அடுத்த ஆண்டே 'காலச்சுமை' வந்தது. பின்னர் 'லண்டனில் சிலுவைராஜ்'. மூன்றையும் சேர்த்துப் படித்தால், சேரியிலிருந்து பேராசிரியர் பதவி வரையிலும் அதற்கு அப்பாலும் சென்ற முதல் தலைமுறையின் மனவரலாறு கிடைக்கும்.

நாவல் வெளியாகி இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, ராஜ் கௌதமன் மறைந்த பதின்மூன்றாம் நாள், 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. புதுச்சேரியில் எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய பெண் ஒருவர் நடைமுறையில் கிறித்தவராக வாழ்கிறார் என்று கூறி அவரது கோரிக்கையை நிராகரித்தது. உண்மையான நம்பிக்கையின்றி, இடஒதுக்கீட்டின் பலனுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. சிலுவைராஜ் ஒரு நாவல் பாத்திரம் என்பதால் தப்பினான். மூன்றாம் பத்தியை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அது செயலுக்கு வரவில்லை. இதே கேள்வியை ஆராய 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. இவ்விவாதத்தில் ஈடுபடும் செயற்பாட்டாளர்கள் சட்ட நூல்களோடு 'சிலுவைராஜ் சரித்திர'த்தையும் கையில் வைத்திருப்பது நல்லது. நம்பிக்கை எது, தேவை எது என்று நீதிமன்றம் பிரிக்கும் கோடு ஒரு மனிதனின் வாழ்வில் எங்கே விழுகிறது என்பதை அந்நாவல் காட்டும் அளவுக்கு எந்த ஆணைய அறிக்கையும் காட்டப் போவதில்லை.

புதுச்சேரியின் ஆண்டுகள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புதுச்சேரி தமிழ்ச் சிந்தனையின் உலைக்களங்களுள் ஒன்றாக இருந்தது. மார்க்சியக் கட்சி அரசியலோடு முரண்பட்டவர்களும், ஃபூக்கோ, நீட்சே, அமைப்பியல் என்று தேடிப் படித்தவர்களும் அங்கே கூடினர். ரவிக்குமார், அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி ஆகியோர் நடத்திய 'நிறப்பிரிகை' தலித் அரசியலையும் புதிய கோட்பாடுகளையும் ஒரே மேடையில் வைத்து விவாதித்தது. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு எழுப்பிய அலை அவ்விவாதங்களுக்கு ஒரு மக்கள் தளத்தைத் தந்தது. அந்தக் காலத்தில்தான் 'தலித் பண்பாடு' (1993), 'தலித் பார்வையில் தமிழ்ப் பண்பாடு' (1994) ஆகிய நூல்களை ராஜ் கௌதமன் எழுதினார்.

அந்நூல்களின் அடிப்படை வாதத்தை எளிமையாகச் சொல்லிவிடலாம். ஏற்றுக்கொள்வது அவ்வளவு எளிதன்று. ஒடுக்கப்பட்டவர் மேன்மை பெற இரு வழிகள் காட்டப்படுகின்றன. ஒன்று, ஆதிக்கச் சாதியின் தூய்மையையும் ஒழுக்கத்தையும் உணவையும் பேச்சையும் தாமும் மேற்கொண்டு 'நாங்களும் உங்களைப் போன்றவர்களே' என்று காட்டுவது. மற்றொன்று, இழிவெனச் சொல்லப்பட்டவற்றைக் கொண்டே அந்த மதிப்பீட்டுமுறையைத் தலைகீழாக்குவது. ராஜ் கௌதமன் இரண்டாவதன் பக்கம் நின்றார். மாட்டிறைச்சி, உரத்த பேச்சு, கேலி, கெட்டவார்த்தை, ஆட்டம் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் மீறலை அவர் கலகப் பண்பாடாகக் கண்டார். ஆதிக்கத்தின் அளவுகோலால் தன்னை அளந்துகொள்ளும் வரை ஒருவர் அதன் பிடியிலிருந்து விடுபட முடியாது என்பது அவரது துணிபு.

இவ்விடத்தில் நமக்கு ஓர் ஐயம் உண்டு. பறையை எடுத்துக்கொள்வோம். சாவுக்குப் பறையடிக்க மறுப்பது எத்தனையோ ஊர்களில் ஊர்விலக்கையும் தாக்குதலையும் எதிர்கொண்டு நடந்த போராட்டம். அதே பறையை மேடையில் விடுதலைக் கருவியாக ஏந்துவதும் நம் இயக்கம்தான். ஒன்றில் கருவியைக் கீழே வைப்பது தன்மானம். மற்றொன்றில் அதைக் கையில் எடுப்பது தன்மானம். எது எங்கே பொருந்தும் என்பதை யாருடைய கட்டளையால், யாருடைய கூலிக்கு, யாருடைய முற்றத்தில் அடிக்கிறோம் என்பதே தீர்மானிக்கும். ராஜ் கௌதமனின் தலைகீழாக்கம் என்னும் கோட்பாடு இந்த இரண்டாம் நிலைக்கு உரம் தருகிறது; முதல் நிலையை விளக்க அது மட்டும் போதாது. குடியையும் வசவையும் கலகமாகக் காணும்போது அதன் சுமையை வீட்டுக்குள் தாங்குபவர் யார் என்று தலித் பெண்கள் எழுப்பிய கேள்வியும் இத்துடன் சேர்ந்தே நிற்கிறது. அவரும் பெண்ணியச் சிந்தனைக்குப் புறத்தே நின்றவர் அல்லர். ஜெர்மைன் கிரீரின் புகழ்பெற்ற பெண்ணிய நூலைப் 'பாலற்ற பெண்பால்' என்று தமிழாக்கியவர் அவரே.

செங்கத்து நடுகற்களும் சங்கப் பாடலும்

இக்கட்டுரையை நாம் கண்ணமங்கலத்திலிருந்து எழுதுகிறோம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஆரணிப் பட்டு நெசவின் வட்டாரத்துக்குள் அமைந்த ஊர் இது. ராஜ் கௌதமனின் மிகக் கடினமான நூல்களைப் புரிந்துகொள்ள இந்த மாவட்டத்தின் நிலமே உதவும் என்பதால் ஊரைக் குறிப்பிடுகிறோம்.

இங்கிருந்து தெற்கே சென்றால் போளூருக்கு அப்பால் பருவதமலை தெரியும். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடும் நவிரமலை இதுவே என்று அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர். அப்பாடலின் தலைவன் நன்னனின் ஊர் இன்றைய செங்கம். அந்தச் செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களில்தான் தமிழகத்தின் மிகத் தொன்மையான எழுத்துடை நடுகற்களுள் பல கிடைத்தன. தொல்லியல் துறை எழுபதுகளின் தொடக்கத்தில் அவற்றைப் படியெடுத்து வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்துகளில் அவை திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி ஒன்றே. தொறு கவரப்பட்டது, தொறுவை மீட்கச் சென்றவன் மாண்டான். தொறு என்பது மாட்டு மந்தை. எடுத்தனூர்க் கல் ஒன்று, முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் மாண்ட வீரனோடு கள்வரைக் கடித்த அவனது நாயையும் பொறித்துள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன். மனிதர் பலரின் பெயரைக் காக்காத வரலாறு ஒரு நாயின் பெயரைக் காத்திருக்கிறது.

பள்ளிப் பாடநூல் இதை வீரம் என்று கற்பிக்கும். வெட்சி, கரந்தை என்று திணைப்பெயர் சூட்டி, தமிழரின் பொற்காலத்துக்குச் சான்றாக்கும். க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்வில் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு, வாய்மொழிப் பாணர் மரபில் வைத்து விளக்கினார். அது பெரும் திருப்பம். ராஜ் கௌதமன் 'ஆகோள் பூசலும் பெருங்கற்கால நாகரிகமும்' நூலில் மேலும் கீழே தோண்டினார். ஆகோள் என்றால் மாடு கவர்தல். மாடே செல்வமாக இருந்த, பெரிய கற்களை நட்டு இறந்தோரைப் புதைத்த குடிகளின் வாழ்க்கைத் தேவையாக இருந்த ஒரு பூசல், வேந்தர்களின் எழுச்சிக்குப் பின் எவ்வாறு போருக்கு முன்னர் நிகழ்த்தும் ஒரு சடங்காகவும் இலக்கணத் துறையாகவும் மாறியது என்பதே அவரது கேள்வி. குடிகளின் வாழ்க்கை வேந்தனின் புகழாக மாறும் அந்த இடைவெளியில்தான் மேல், கீழ் என்னும் அடுக்கு பிறக்கிறது.

2006இல் வந்த 'பாட்டும் தொகையும் தொல்காப்பியமும் தமிழ்ச் சமூக உருவாக்கமும்' என்னும் நூலின் தலைப்பையே ஒரு முறை நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம். பாட்டு ஒரு காலத்தில் பாடப்பட்டது. தொகை வேறொரு காலத்தில் வேறொருவரால் தொகுக்கப்பட்டது. தொல்காப்பியம் இலக்கணமாக அதன் மீது ஓர் ஒழுங்கை விதித்தது. நாம் இவை மூன்றையும் 'சங்க இலக்கியம்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். எதைத் தொகுப்பது, எதை விடுவது, எதற்கு எந்தத் திணை என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு சமூக இடமும் ஒரு நலனும் இருந்தன என்று காட்டுவதே அந்நூலின் பணி. அவ்வாறு நோக்கினால் 'இழிசினர்', 'புலையர்' என்னும் சொற்கள் சங்கப் பாடல்களிலேயே இடம்பெறுவது, தூய பொற்காலத்தில் நேர்ந்த சிறு கறையாகத் தோன்றாது. அந்தச் சமூகம் உருவான முறையின் ஒரு பகுதியாகத் தெரியவரும்.

'அறம்/அதிகாரம்' என்னும் நூலில் இதே பார்வை நீதி இலக்கியங்களின் மீது திரும்புகிறது. அறம் நல்லது, அதிகாரம் தீயது என்று பழகிய நமக்கு, இரண்டையும் ஒரு சாய்கோட்டின் இருபுறமும் வைத்த அத்தலைப்பே அதிர்ச்சி தரும். அடக்கம், பொறை, ஊழ் ஆகியவற்றை யார் யாருக்குப் போதித்தார்கள் என்று அவர் கேட்டார். அடங்கியிருக்கும்படி சொல்லப்பட்டவர்களின் வழிவந்த ஒருவர் கேட்கும்போது அக்கேள்விக்குக் கூடுதல் கூர்மை உண்டு.

ஆரணிப் பட்டின் வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது ஒரு சிறு விலகல் பொறுத்துக்கொள்ளத்தக்கது. தொன்மைப் பெருமை பேசும் கூட்டங்களில் தமிழரின் நெசவும் தவறாமல் இடம்பெறும். தறியில் அமர்ந்தவர் யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதித் தொகுப்பில் நெசவுத் தொழில் செய்த பறையர் பிரிவினரும் குறிக்கப்பட்டுள்ளனர். பறையர் என்றால் பறையும் வயலும் மட்டுமே என்று நிலைபெற்றுவிட்ட படிமத்துக்கு அப்பால் அறியப்படாத தொழில் வரலாறுகள் கிடக்கின்றன. ராஜ் கௌதமனின் முறையைக் கற்ற மாணவர் ஒருவர் தறியின் வரலாற்றை எழுதப் புகுந்தால் நமக்குப் புதியதொரு நூல் கிடைக்கும்.

அயோத்திதாசரை வாசித்த விதம்

அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914இல் மறையும் வரை எழுதினார். அதன் பின் பல பத்தாண்டுகள் பொதுத் தமிழ் வரலாறு அவரை மறந்திருந்தது. மறக்காதவர்கள் பௌத்தத் தலித் குடும்பத்தினர். அன்பு பொன்னோவியம் போன்றோர் இதழ்களைப் பாதுகாத்தனர், ஞான. அலாய்சியஸ் 1999இல் அவற்றைத் தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தார். அவை வந்து ஐந்தாண்டுகளுக்குள் ராஜ் கௌதமன் 'க. அயோத்திதாசர் ஆய்வுகள்' நூலை எழுதினார்.

மீட்கப்பட்ட ஒரு முன்னோரை எப்படி வாசிப்பது? வணங்கி வாசிப்பது எளிது. அயோத்திதாசர் சொற்களுக்குத் தரும் பொருள்களையும், புராணங்களைப் பௌத்த வரலாறாக மாற்றி எழுதும் முறையையும் நேரடி வரலாற்று உண்மைகளாக ஏற்றுப் பரப்புவோர் நம்மிடையே உண்டு. இன்றைய வரலாற்று அளவுகோலைக் காட்டி அவற்றைப் புறந்தள்ளும் கல்விப்புலத்தாரும் உண்டு. ராஜ் கௌதமன் அவற்றை ஒரு மாற்றுக் கதையாடலாக அணுகினார். பிராமணியம் தன் புராணத்தால் ஓர் உலகைப் படைத்தது. அயோத்திதாசர் தம் எதிர்ப்புராணத்தால் மற்றோர் உலகைப் படைத்தார். வரலாறு மறுக்கப்பட்டவர் தமக்கான கடந்த காலத்தை எழுதிக்கொள்ளும் செயலின் ஆற்றலை மதிப்பதும், அதன் ஒவ்வொரு கூற்றையும் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நம் இயக்கங்களில் இந்த வேறுபாடு மங்கிக்கொண்டு வருகிறது. ஆகவே அந்நூல் இன்று கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அதே ஆண்டில் பிறந்த மற்றொருவர்

1950இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹென்றி லூயி கேட்ஸ் என்னும் கறுப்பினத் திறனாய்வாளர் பிறந்தார். தந்தை காகித ஆலைத் தொழிலாளி. தாய் பிறர் வீடுகளைத் தூய்மை செய்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். அங்கே அவருக்கு வழிகாட்டிய நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்கா ஆப்பிரிக்க இலக்கியம் குறித்து ஆற்றிய உரைகளுக்கு ஆங்கில இலக்கியத் துறை இடம் தரவில்லை. மானிடவியல் துறையில்தான் அவை நிகழ்ந்தன. ஆப்பிரிக்கர் எழுதினால் அது இலக்கியமன்று, இனக்குழுத் தகவல் என்பது அதன் பொருள். 'இது இலக்கியமா, சமூகவியலா' என்று தலித் எழுத்தை நோக்கித் தமிழில் கேட்கப்பட்ட கேள்வியின் உடன்பிறப்பு இது.

கேட்ஸ் இரண்டு வேலைகளைச் செய்தார். மறைந்து கிடந்த கறுப்பினப் படைப்புகளை மீட்டார். ஹாரியட் வில்சன் 1859இல் எழுதிய நாவலை 1983இல் மறுபதிப்புச் செய்து, அமெரிக்காவில் கறுப்பினப் பெண் வெளியிட்ட முதல் நாவல் என நிறுவியது அதில் முதன்மையானது. அடுத்து, அவற்றை வாசிக்கும் கோட்பாட்டை வெள்ளையரிடமிருந்து மட்டும் கடன் பெறாமல், கறுப்பின மக்களின் கேலிப் பேச்சிலிருந்தும் தந்திரக் குரங்கின் கதைகளிலிருந்தும் உருவாக்கினார். 1988இல் வந்த அந்த நூல் இன்று உலகெங்கும் பாடம். ஒடுக்கப்பட்டவரின் சிரிப்பிலும் சொல்விளையாட்டிலும் ஓர் இலக்கியக் கோட்பாடே அடங்கியிருக்கிறது என்று அங்கே ஒருவர் நிறுவிய சில ஆண்டுகளுக்குள், இங்கே மற்றொருவர் சேரியின் கேலியிலும் வசவிலும் ஒரு பண்பாட்டுக் கோட்பாட்டைக் கண்டார்.

ஒப்புமை இத்தோடு முடிகிறது. கேட்ஸ் 1991 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். ஆய்வு நிறுவனமும், உதவியாளர் படையும், தொலைக்காட்சித் தொடர்களும் அவருக்கு வாய்த்தன. 2009 ஜூலையில் தம் சொந்த வீட்டு வாசலிலேயே அவர் காவல்துறையால் கைது செய்யப்பட்டார் என்பதையும் மறக்க வேண்டியதில்லை. அந்த நாட்டில் பேராசிரியர் பதவி நிறத்தை மறைத்துவிடுவதில்லை. ஆயினும் அவர் போன்றோருக்கு ஒரு துறை இருந்தது. அத்துறையைப் பல்கலைக்கழகங்கள் தாமாக முன்வந்து தரவில்லை. சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரி மாணவர்கள் 1968 நவம்பர் முதல் ஏறத்தாழ ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் விளைவாகவே அங்கே கறுப்பினக் கல்வித் துறை நிலைபெற்றது. ராஜ் கௌதமன் அரசுக் கல்லூரியின் அன்றாடப் பாடவேளைகளுக்கு நடுவே, பெரும்பாலும் சிறு பதிப்பகங்களின் துணையோடு இருபதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். அவரது ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இல்லை. ஆகவே இந்தியாவின் பிற மாநிலத் தலித் அறிஞர்களுக்கே அவர் முழுமையாகச் சென்று சேரவில்லை. 2018இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோது பொது வாசகர் பலர் அவரை அறிந்தனர். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு.

அவரிடம் குறைகளும் உண்டு. சில நூல்கள் கோட்பாட்டுச் சொற்களின் அடர்த்தியால் வாசகரைத் தொலைவில் நிறுத்துகின்றன. மேற்கோள்களின் குவியலில் வாதத்தின் நூல் சில இடங்களில் அறுந்துபோகிறது. எல்லா அறத்துக்கும் அடியில் அதிகாரத்தையே காணும் பார்வை, அறத்தைப் பற்றிக்கொண்டு அதிகாரத்தை எதிர்த்தவர்களை எங்கே வைப்பது என்னும் வினாவுக்கு எப்போதும் நிறைவான விடை தருவதில்லை. வள்ளலார் குறித்த நூலில் அவரே அவ்வினாவோடு மல்லுக்கட்டியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இக்குறைகளை விரிவாக எழுத வேண்டியவர்கள் இன்றைய தலித் மாணவர்களே. 'நம்மவர்' என்பதற்காக அவற்றை மூடிவைப்பது, எவரையும் விட்டுவைக்காத அந்த மனிதருக்கு ஏற்ற மரியாதை ஆகாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் மாணவர்களுக்கு, 'சிலுவைராஜ் சரித்திர'த்திலிருந்து என்போம். அடுத்து 'தலித் பண்பாடு'. அளவில் சிறிய அந்நூலை இருவர் மூவராகச் சேர்ந்து வாசித்து, மாறுபடும் இடங்களில் விவாதிக்கலாம். 'ஆகோள் பூசலும் பெருங்கற்கால நாகரிகமும்' நூலைத் திறக்கும் முன் ஒருநாள் செங்கம் வட்டாரத்து நடுகற்களை நேரில் பார்த்துவிட்டு வருவது பயன் தரும். சில கற்களுக்கு இன்றும் எண்ணெய் பூசி, மாலையிட்டு, வேடியப்பன் என்று வழிபடுகிறார்கள். வழிபடுவோர் யார், கல் எந்தத் தெருவின் எல்லையில் நிற்கிறது, யாருக்குப் பூசை உரிமை, யார் எட்டி நிற்கிறார்கள் என்பவற்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.